ஆல்ட்டோக்காரி

கனகாவுக்குப் பாட்டு தெரியாது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் கொளஞ்சியம்மாள்தான். அதுவும் நாலு பாட்டுக்காரர்கள் கூடுகிற சபையில் இல்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், ஐப்பசி மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், பீஸ் கட்டைக்குப் பிசிறு எடுக்கும்போது.

வீட்டில் கரண்டு மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று மாட்டியிருக்குமே, அந்தப் பீஸ் கட்டைதான். பிரஸ்ஸிலிருந்து இறங்கும்போது அது வெறும் பச்சை மண், ஓரமெல்லாம் பிசிறு. பெண்கள் பலகைக்கு இரண்டு பக்கமும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தேய்ந்த பிளேடால் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் ஒரு தடவு தடவித் தட்டில் அடுக்குவார்கள். அழுத்திச் சுரண்டினால் மூலை போய்விடும். பயந்துகொண்டு சுரண்டினால் பிசிறு அப்படியே நின்று சூளையில் வெந்து, வாங்குகிறவன் கையைக் கிழிக்கும். மழைக்காலத்தில் கட்டை காயாது, அது வேறு ரோதனை. காயாததைச் சூளையில் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே வெடித்து, பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். அதனால் மேஸ்திரி எங்கெங்கிருந்தோ பழைய ஃபேன்களைக் கொண்டுவந்து ரேக்குகளுக்கு எதிரே ஓட விட்டிருந்தார். காற்றெல்லாம் கட்டைகளுக்கு, புழுக்கமெல்லாம் பெண்களுக்கு.

இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் கனகா வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள். கொளஞ்சியம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பொறுமை என்பது அவளிடம் ரொம்ப நேரம் தங்குகிற சாமான் இல்லை.

“என்னா கனகா, ஒப்பாரியா வெக்கிற? யாரு போயிட்டாங்க?”

“ஒப்பாரி இல்ல கொளஞ்சிக்கா. பாட்டு. எங்க கோயில் பாட்டு.”

“பாட்டா? பாட்டுன்னா ஏறணும், எறங்கணும். இது பக்கத்து வூட்டு மிக்ஸி மாரி ஒரே எடத்துல நின்னு ஓடுது.”

பலகையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். கனகாவும் சிரித்துவிட்டு, “இந்தா கேளு, வெளங்கப் பாடறேன்” என்று குரலை எடுத்தாள். முதல் அடி வந்தது. இரண்டாம் அடியில் குரல் தானாகக் கீழே இறங்கி, பழகிய மாடு கொட்டகைக்குப் போகிற மாதிரி தன் இடத்தில் போய் நின்றுகொண்டது. கனகா நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். மறுபடியும் அதே இடத்தில் அதே இறக்கம். மூன்றாம் தடவையும் அப்படியே ஆனது. முப்பது வருஷமாகப் பாடிய பாட்டு. அதன் மெட்டு அவளிடம் இல்லை.

இது எப்படி ஆகும் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லியாக வேண்டும். கனகா பாடுவது மிஷன் கோயில் என்கிற சர்ச்சின் பாடகர் குழுவில். அங்கே பாடுகிறவர்கள் நாலு வரிசை. பெண்களில் மெல்லிய குரல்காரர்கள் மேல் வரிசை, அவர்கள்தான் மெட்டைப் பாடுவார்கள். கனத்த குரல்காரிகள் அதற்குக் கீழே நின்று வேறொரு சுரத்தைப் பாடுவார்கள். அதற்கு ஆல்ட்டோ என்று பெயர். ஆண்களுக்கும் இதே போல இரண்டு வரிசை. நாலும் சேர்ந்தால் கோயில் கூரை வரைக்கும் நிறைந்து நிற்கும். ஆனால் ஜனங்கள் வீட்டுக்குப் போகும்போது முணுமுணுத்துக்கொண்டு போவது மேல் வரிசை பாடியதைத்தான். பந்தலுக்குக் குறுக்கே கட்டின மூங்கிலை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

பாடம் நடத்திய வாத்தியார் கெடுபிடியான மனுஷர். மேல் வரிசைக்கு வெள்ளிக்கிழமை, கீழ் வரிசைக்குச் சனிக்கிழமை என்று பிரித்துத்தான் சொல்லிக்கொடுப்பார். ஒருத்தர் பாட்டு இன்னொருத்தர் காதில் விழுந்தால் கெட்டுவிடும் என்பது அவர் எண்ணம். ஞாயிற்றுக்கிழமைதான் நாலையும் ஒன்றாகக் கட்டுவார். பாவாடை கட்டிய வயசில் ஆல்ட்டோவில் போய் நின்ற கனகா, அதற்கப்புறம் எந்தப் பாட்டின் மெட்டையும் வாயால் பாடினதே இல்லை. அதற்குத் தேவையும் இல்லாமல் இருந்தது. மேல் வரிசையின் கடைசி ஆளாக அவளுடைய அக்கா வளர்மதி நின்றாள். கீழ் வரிசையின் முதல் ஆள் கனகா. இரண்டு பேருக்கும் தோளோடு தோள் உரசும். மெட்டு அக்காவிடம் பத்திரமாக இருந்தது, இவள் அதற்குக் கீழே நிம்மதியாக நின்றாள்.

இப்போது வந்த வினை இதுதான். கனகாவின் மகள் இளமதிக்கு மங்களூரில் மாப்பிள்ளை அமைந்திருந்தது. திட்டக்குடிக்குப் பக்கத்து மங்களூர், பையன் மின்சார வாரியத்தில் இருக்கிறான். பையனின் அம்மா கிருபையம்மாள் போன வாரம் வந்து எல்லாம் பேசி முடித்து, எழுந்திருக்கும்போது ஒன்று சொன்னாள்.

“எங்க பக்கத்து சபையில ஒரு வழக்கம் இருக்குது சம்பந்தி. நிச்சயத்துல தட்டு மாத்தறதுக்கு முன்னாடி, பொண்ணோட அம்மா வழியனுப்புப் பாட்டு பாடணும். தனியாப் பாடணும், கூட யாரும் வாயத் தொறக்க மாட்டோம். மனசார பொண்ணக் குடுக்கறாங்கன்னு அதுதான் அடையாளம். சில பேரு பாட வராம திண்டாடிப் போவாங்க. ஒங்களுக்கு என்னாங்க, குவையர்ல பாடறவங்க.”

“அதுக்கென்னாங்க, பாடிட்டாப் போச்சு” என்று கனகா அப்போது பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் கேட்ட கொளஞ்சியம்மாள், பஞ்சைத் தண்ணீரில் பிழிந்துகொண்டே, “வேற நல்ல பாட்டா ஒண்ணு பாடேன். ஒங்க சாமிக்குப் பாட்டுக்கா பஞ்சம்?” என்றாள்.

“அந்தப் பாட்டுத்தான் பாடணுமாம்.”

“அப்ப மேல பாடறவ கிட்ட போயிக் கத்துக்க.”

“மேல பாடறது எங்க அக்கா.”

“அப்பறம் என்னா? சொந்த அக்காதானே? எங்க இருக்குது?”

“அடுத்த தெருவுல.”

கொளஞ்சியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். கனகா அடுத்த தட்டை இழுத்து மடியோரம் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். அதற்குமேல் அன்றைக்கு அந்தப் பேச்சு எழவில்லை.

அக்காவும் தங்கையும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. வளர்மதியின் புருஷன் காமாலையில் படுத்தபோது கோயிலிலிருந்து பாடகர் குழு ஒரு தடவை வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை வைத்துவிட்டு, பாட்டு ஒன்றைப் பாடிவிட்டுப் போனது. ஊர்க்கோடியில் இருந்த சின்ன ஜெபவீட்டுக்காரர்கள் தினமும் வந்தார்கள். கஞ்சி கொண்டுவந்தார்கள், படுக்கையைத் துவைத்துப் போட்டார்கள், கட்டிலைச் சுற்றி முட்டி போட்டு அழுதார்கள். மனுஷன் பிழைத்துக்கொண்டான். வளர்மதி தோடு, மூக்குத்தி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு அந்த ஜெபவீட்டோடு போய்விட்டாள். அங்கே நகை போடக் கூடாது, வரிசையும் கிடையாது, ஆல்ட்டோவும் கிடையாது. கைதட்டி எல்லோரும் ஒரே மெட்டாகப் பாடுவார்கள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டுக்காக வீடு வீடாகப் போன குழு, வளர்மதி வீட்டு வாசலிலும் போய் நின்றது. உள்ளே ஆள் இருந்தது, கதவு திறக்கவில்லை. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் கனகா, “நகையக் கழட்டுன மாரி எங்களயும் கழட்டிப் போட்டுட்டியா?” என்று நாலு பேர் கேட்கக் கேட்டாள். வளர்மதி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “நீங்க பாடறது பாட்டு. நாங்க பாடறது ஜெபம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் சண்டை. ஆனால் அந்த ஒரு சொல் கனகாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. முப்பது வருஷம் தோளோடு தோள் நின்று பாடினதெல்லாம் இவளுக்கு வெறும் பாட்டா?

சாயங்காலம் வீட்டில் கனகா போனில் அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்தாள். யாரோ ஒரு பெண் நன்றாகவே பாடியிருந்தாள். அரிசி களைந்துகொண்டே கேட்டாள், உலை கொதிக்கும்போது கேட்டாள், கருவாட்டுக்கு வெங்காயம் நறுக்கும்போது கேட்டாள். போன்காரி மேலே பாடப் பாட, கனகாவின் தொண்டை கீழே போய் உட்கார்ந்துகொண்டது. போனை அமர்த்திவிட்டுப் பாடினால் முதல் அடி மட்டும் நிற்கிறது. பாடகர் குழுவில் மேல் வரிசைப் பெண் ஒருத்தியை வரவழைத்துப் பார்த்தாள். அந்தப் பெண் பாட, இவள் அடியில் பாட, கேட்பதற்கு ரொம்ப அழகாக இருந்தது. அந்தப் பெண் சந்தோஷமாகக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

புருஷன் அறிவழகன் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். வைக்கோல் போட்டுக் கட்டின பீங்கான் பெட்டிகளை வேப்பூர் ஹைவேயில் லாரிக்கு ஏற்றிவிட்டு வருவது அவன் பிழைப்பு. வண்டி ஓட்டுகிறவனுக்கு உடைகிற சாமானை எப்படிக் கையாள வேண்டும் என்று தெரியும். வீட்டிலும் பேச்சை அப்படித்தான் இறக்கி வைப்பான். சாப்பிட்டு முடிக்கிற மட்டும் சும்மா இருந்துவிட்டு, கை கழுவும்போது சொன்னான்.

“ஒங்க அக்காகிட்ட போயிட்டு வந்துடு கனகா.”

“எதுக்கு? நீங்கதான் போயிச் சொல்லிட்டு வந்தீங்களே.”

“சொன்னேன். ‘பாப்போம் தம்பி’ன்னாங்க. நான் சொன்னா அவ்வளவுதான் வரும். நீ போயிக் கூப்புடல இல்ல?”

“ரெண்டு பேரும் ஒரு வூடுதானே. புருஷன் சொன்னா என்னா, பொண்டாட்டி சொன்னா என்னா.”

“அது ஒனக்கே தெரியும்” என்று அவன் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற இளமதி ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்வாள். அவளும் அதையே பிடித்துக்கொண்டாள்.

“ம்மா, பெரியம்மாவ கூப்புட்டாச்சா?”

“அப்பா போயிச் சொல்லிட்டாரு.”

“நீ போனியான்னு கேட்டேன்.”

“எனக்கு வேலை இருக்குது இளமதி. மழையில கட்ட காய மாட்டேங்குது, லேட்டாத்தான் வுடறாங்க.”

“பெரியம்மா இல்லாம எனக்கு நிச்சயம் பண்ணப் போறீங்க. அவங்கதாம்மா என்ன ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சரி, வையி.”

கனகா போனை வைத்தாள். மகள் சொன்னது வலித்தது. வலித்ததால் கோபம் வந்தது. அந்தக் கோபமும் நேராக அக்காவின் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. வர வேண்டும் என்று இருக்கிறவள் வர மாட்டாளா? வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க அவள் என்ன கலெக்டரா? இப்படியெல்லாம் மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தாளே தவிர, வளர்மதி வராமல் அந்தத் தட்டை மாற்றினால் தனக்கு வாழ்நாள் முழுக்க ஆறாது என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கடைசியில் பாட்டைச் சாக்காக வைத்துக்கொண்டு போனாள். கூப்பிடப் போகவில்லை, பாட்டுக் கற்றுக்கொள்ளத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

வளர்மதி வீட்டில் தரையெல்லாம் பீங்கான் பொம்மைகள். கம்பெனியிலிருந்து வெள்ளையாக வரும், இவள் சாயம் பூசிக் கொடுப்பாள். செட்டியார், செட்டிச்சி, தலையாட்டாத நாட்டியப் பெண் எல்லாம் செய்தித்தாள் மேல் காய்ந்துகொண்டிருந்தன. வெறும் காதும் வெறும் கழுத்துமாக உட்கார்ந்து அவள் ஒரு செட்டிச்சிக்குத் தோடு வரைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“வா. அதுங்க மேல மிதிச்சிடாத. ஓரமா உக்காரு.”

கனகா உட்கார்ந்தாள். மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்கலாம் என்று நினைத்து, கேட்காமல், “ஒரு பாட்டு வேணும்” என்றாள்.

“என்னா பாட்டு?”

“வழியனுப்புப் பாட்டு. மேல பாடறது. மங்களூருக்காரங்க என்ன தனியாப் பாடச் சொல்றாங்க. எனக்கு மெட்டு வர மாட்டேங்குது.”

வளர்மதியின் உதட்டோரம் சிரிப்பு வந்து போனது. “இத்தன வருஷமா என் காதுல கத்துனியே, மெட்டு தெரியாமலியா கத்துன?”

“தெரியாமத்தான்.”

“கேளு” என்று சொல்லிவிட்டு, தூரிகையைக் கையில் வைத்தபடியே வளர்மதி பாடினாள். இரண்டு வருஷமாக அந்தப் பாட்டு அவள் வாயில் வரவில்லை. ஆனாலும் குரல் முன்பு போலவே மெல்லிசாக, பிசிறில்லாமல் வந்தது. இரண்டாம் அடி தொடங்கியதுதான் தாமதம், கனகா அடியில் போய் நின்றாள்.

வளர்மதி நிறுத்தினாள். “ஏன் கீழ வர? மொதல்ல வாய மூடிக்கிட்டுக் கேளு.”

கனகா வாயை மூடிக்கொண்டாள். மறுபடி பாட்டு ஓடியது.

“மூக்கால பாடற.”

“இல்லக்கா.”

“எனக்குத் தெரியாதா? நிறுத்து. நான் ஒரு அடி பாடறேன். நிறுத்துனதுக்கு அப்பறம் நீ பாடு.”

அப்படியும் செய்து பார்த்தார்கள். வளர்மதி ஒரு அடி பாடி நிறுத்துவாள். கனகா மூச்சை இழுத்து, அதே அடிக்கு உண்டான ஆல்ட்டோவை அட்சரம் பிசகாமல் பாடுவாள். செட்டிச்சியின் ஒரு காதுக்கு மட்டும் தோடு போட்டபடி நின்றது. நாலு தடவை ஆனதும் வளர்மதிக்குப் பொறுமை போய்விட்டது.

“நான் பாடுனத அப்பிடியே திருப்பிப் பாட ஒனக்கு என்னா கேடு? சின்னப் புள்ளைங்க பாடுதே.”

“நீ பாடுனா எனக்கு அதுக்குக் கீழதாங்க்கா வருது. வேற வர மாட்டேங்குது. நான் என்னா பண்ணுவேன்?” என்று சொல்லும்போது கனகாவுக்கு அழுகை வந்துவிட்டது.

வளர்மதி செட்டிச்சியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குனிந்து மறுபடி பாட ஆரம்பித்தாள். இந்தத் தடவை நிறுத்தவில்லை, திருத்தவில்லை. கனகாவும் கீழே சேர்ந்துகொண்டாள். நாலு சரணமும் பாடி முடித்தார்கள். பின்கட்டில் வளர்மதியின் புருஷன் இருமுகிற சத்தமும் நின்று, பாட்டு முடிந்த பிறகுதான் மறுபடி கேட்டது. கனகாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்ட மாதிரி இருந்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படி நின்று என்று நினைத்தாள்.

“வெள்ளிக்கெழமதானே நிச்சயம்?” என்று வளர்மதி கேட்டாள்.

“ஆமா. சாயங்காலம்.”

“தம்பி வந்து சொல்லிச்சு.”

“ம்.”

வளர்மதி தூரிகையைச் சாயத்தில் தோய்த்தாள், கிண்ணத்தின் விளிம்பில் வழித்தாள், மறுபடி தோய்த்தாள். கனகாவுக்குப் புரிந்தது. இப்போது சொல்ல வேண்டும். சொல்லலாம் என்று வாயைத் திறக்கப் போனபோது, குழாயடியில் குடத்தோடு நின்ற அந்த முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ‘நீங்க பாடறது பாட்டு.’

“அப்ப நீ பாட்டுக்குத்தான் வந்தியா?” என்றாள் வளர்மதி.

“ஆமா.”

“சரி. பாட்டும் கெடைக்கல. போயிட்டு வா.”

கனகா பொம்மைகளை மிதிக்காமல் நடந்து வெளியே வந்தாள். தெருமுனை வரைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள். ஆனால் திரும்பிப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. வாசலில் சாமியானா போட்டு, அறிவழகன் மைக் செட்டும் வைத்திருந்தான். சின்ன விசேஷத்துக்கு எதற்கு என்று கேட்டால், நம்ம பொண்ணு விசேஷம் நாலு தெருவுக்குக் கேட்க வேண்டாமா என்றான். மூலை வீட்டு மின்கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கொளஞ்சியம்மாள் அடுப்படியைத் தன் கைக்குள் கொண்டுவந்து, கேசரியில் முந்திரி போதவில்லை என்று சமையல்காரனை விரட்டிக்கொண்டிருந்தாள்.

மங்களூரிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். போதகர் ஐயர் ஜெபம் செய்தார். இளமதி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், அடிக்கடி தெரு முனையைப் பார்த்தாள். பெண் வீட்டார் வரிசையில் பெரியம்மாவுக்கு என்று அறிவழகன் போட்டிருந்த நாற்காலியில் யாரோ ஒருவருடைய பை உட்கார்ந்திருந்தது.

“பொண்ணோட அம்மா பாடுவாங்க” என்று ஐயர் மைக்கை நீட்டினார்.

கனகா எழுந்து நின்றாள். கிருபையம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மங்களூர்க்காரர்கள் எல்லோரும் அப்படியே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். முதல் அடி சரியாக வந்தது. இரண்டாம் அடியில் கனகா இறங்கினாள்.

நிறுத்தியிருக்கலாம். தொண்டை சரியில்லை என்று இருமிவிட்டு உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பெண்ணைக் கொடுக்கிற பாட்டைப் பாதியில் விட அவளுக்கு மனசு வரவில்லை. தெரிந்ததைப் பாடுவோம் என்று பாடினாள். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. ஏறாமல், இறங்காமல், மேலே யாரோ நடக்கிறார்கள் என்று நம்பித் தரையிலேயே போகிற ஒரு குரல். மேலேதான் யாருமே இல்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் காதைத் திருப்பி வைத்துக் கேட்டார். மூன்றாம் சரணத்தில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. முடிந்தால் போதும் என்று விரட்டிப் பாடினாள். நாலாம் சரணத்தில் நிதானத்துக்கு வந்து முடித்தாள்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. முடிந்துவிட்டது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

கிருபையம்மாள் கண்ணைத் திறந்தாள். மரியாதை தெரிந்த மனுஷி, சிரித்த முகமாகத்தான் கேட்டாள். “குரல் நல்லா இருந்திச்சு சம்பந்தி. ஆனா இது என்னா பாட்டு? சொல்லு மட்டும் வழியனுப்புப் பாட்டு மாரி இருந்திச்சு.”

“அந்தப் பாட்டுதாங்க.”

“மெட்டு அப்பிடி இல்லியே.”

“மெட்டு எங்க அக்கா பாடறதுங்க. நான் பாடறது அதுக்குக் கீழ. எனக்கு இதுதான் தெரியும்.”

கையில் மைக் இருப்பதை அவள் மறந்துவிட்டிருந்தாள். எல்லாம் ஸ்பீக்கரில் நாலு தெருவுக்கும் போய்க்கொண்டிருந்தது. அறிவழகன் கையைக் காட்டினான், அவள் பார்க்கவில்லை.

“அக்கா இருக்காங்களா? எங்க?”

“அடுத்த தெருவுல.”

“வரலிங்களா?”

“நான் கூப்புடலிங்க” என்றாள் கனகா. சொன்ன பிறகு அவளுக்கு மூச்சு சீராக வந்தது. இளமதி தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள்.

கிருபையம்மாள் தட்டைப் பார்த்தாள், ஐயரைப் பார்த்தாள், வேனில் வந்த தன் ஜனத்தைப் பார்த்தாள். “பாதிப் பாட்டுக்குத் தட்டு மாத்தறது எங்க வழக்கத்துல இல்ல சம்பந்தி” என்றாள். அப்புறம் முந்தானையை இறக்கி மடியில் போட்டுக்கொண்டு, “போயி கூட்டிட்டு வாங்க. அது வரைக்கும் நாங்க டீ குடிக்கிறோம்” என்றாள். அடுப்படியிலிருந்து கொளஞ்சியம்மாள் டீ டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தே விட்டாள்.

கனகா மைக்கை நாற்காலியில் போட்டுவிட்டுப் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவெல்லாம் மழைச் சேறு. என்ன சொல்வது என்று ஒரு வாசகமும் தயார் செய்யவில்லை. குழாயடி, ஜெபவீடு, நகை ஒன்றுமே அப்போது நினைவில் இல்லை. அக்கா வந்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

வளர்மதி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலையைக் கட்டி, தலையைப் படிய வாரியிருந்தாள்.

“அக்கா, வா” என்றாள் கனகா.

வளர்மதி எழுந்து கதவைச் சாத்தினாள். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“மூணாவது சரணத்துல என்னாத்துக்கு அப்பிடி ஓடுன? என்னால ஒன் கூடவே வர முடியல.”